முற்றிய மெலனோமா: ஜீன் மாற்றங்களும் நோயாளியின் ஆயுளும் – முக்கியக் குறிப்புகள்

2018 மருத்துவ நோபல், இம்யூனோதெரபி, ஜீனைப் பார்த்து மருந்து கொடுக்கும் துல்லிய மருத்துவம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாகப் படிக்கிறோம். மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் நோய் மெலனோமா. இதை ஒழுங்காகப் படித்து வைத்தால் மற்றப் புற்றுநோய்களுக்கும் பாதி வேலை முடிந்துவிடும். 'மெலனோமா' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், எந்த ஜீன் கெட்டது என்பதைப் பொறுத்து மருந்தும் மாறுகிறது, ஆயுளும் மாறுகிறது. கீழே உள்ள குறிப்புகளை இந்த நோக்கில் படியுங்கள்.

அடிப்படை

• மெலனின் நிறமியைச் சுரக்கும் மெலனோசைட் செல்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. கரு வளரும்போது இச்செல்கள் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அதனால்தான் தோலில் மட்டுமல்லாமல் கண்ணின் கோராய்டு படலத்திலும், வாய், மூக்கு, மலக்குடல் ஆகியவற்றின் சளிச்சவ்விலும் மெலனோமா வருகிறது.

• நான்கு வகைகள்: வெயில் படும் தோலில் வருவது, உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வருவது (அக்ரல்), சளிச்சவ்வில் வருவது, கண்ணில் வருவது (யூவியல்). நான்குக்கும் ஜீன் கணக்கு வேறு வேறு.

• உலகில் மெலனோமா மிக அதிகமாகக் காணப்படும் நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். வெளிர் தோல், கடும் வெயில் இரண்டும் சேர்ந்த விளைவு.

• புற ஊதாக் கதிர் டிஎன்ஏவில் விட்டுச்செல்லும் அடையாளம்: சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின். தோல் மெலனோமாவில் இத்தகைய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். சடுதிமாற்றச் சுமை மிக அதிகமான புற்றுநோய்களில் இது ஒன்று. இந்தச் சுமையே பின்னால் நோயாளிக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இம்யூனோதெரபி பகுதியில் பார்ப்போம்.

• 'முற்றிய' என்றால் அறுவை சிகிச்சையால் அகற்ற முடியாத 3-ஆம் நிலை, அல்லது தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்ட 4-ஆம் நிலை. 4-ஆம் நிலைக்குள் நான்கு உட்பிரிவுகள்: எம்1ஏ (தோல், தூரத்து நிணநீர் முடிச்சு), எம்1பி (நுரையீரல்), எம்1சி (கல்லீரல் போன்ற பிற உள்ளுறுப்புகள்), எம்1டி (மூளை உள்ளிட்ட மைய நரம்பு மண்டலம்). எம்1டி என்ற பிரிவு அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் 8-ஆம் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது.

• இரத்தத்தில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் நொதி உயர்ந்திருந்தால் நிலைமை மோசம். இந்த நொதி அளவு நிலைப் பகுப்பில் இடம்பெறுகிறது. பிராஃப் போன்ற எந்த ஜீன் மாற்றமும் இடம்பெறவில்லை. 'சரியா, தவறா' வகைக் கேள்விக்கென்றே அமைந்த இடம் இது.

• 2011-க்கு முன் கையில் இருந்தவை டகார்பசின் என்ற கீமோ மருந்தும் (1975), இன்டர்லூக்கின்-2-உம் (1998) தான். பரவிய மெலனோமா என்று தெரிந்தபின் பெரும்பாலானோர் ஓராண்டு கூடத் தாண்டவில்லை.

முதலில் இந்த வேறுபாடு

ஒரு ஜீன் மாற்றம் இரண்டு வகையான செய்திகளைச் சொல்லலாம். எந்த மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது முன்கணிப்புக் குறி. குறிப்பிட்ட மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்று சொல்வது மருந்துப் பலன் குறி. பிராஃப் மாற்றத்தின் மதிப்பு பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கண் மெலனோமாவின் பாப்1 மாற்றம் முதல் வகை. புத்தகங்கள் பலவும் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புகின்றன. நீங்கள் குறிப்பெடுக்கும்போதே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிராஃப்: அதிகம் கேட்கக்கூடியது

• இருப்பிடம்: 7-ஆவது குரோமோசோமின் நீண்ட கரம். இயல்பு: புரோட்டோ ஆன்கோஜீன். வேலை: ராஸ் → ராஃப் → மெக் → எர்க் என்ற சமிக்ஞைத் தொடரில் ஒரு கண்ணி. 'செல்லே, பிரிந்து பெருகு' என்ற கட்டளையைக் கடத்துவது இந்தத் தொடர்தான்.

• 2002-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் நடந்த புற்றுநோய் மரபணுத் திட்டம், மெலனோமாவில் பிராஃப் மாற்றம் மிகுதியாக இருப்பதை நேச்சர் இதழில் வெளியிட்டது. மனித மரபணுத் தொகுதியின் வரைவு வெளிவந்த மறு ஆண்டு இது. மரபணு வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான பதில்களில் ஒன்று.

• தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் மாற்றம் உண்டு. அதில் பெரும்பங்கு வி600இ, அடுத்தது வி600கே. வி600கே வயதானவர்களிடமும், வெயிலில் அதிகம் அடிபட்ட தோலிலும் கூடுதல்.

• வி600இ என்பதை இப்படிப் பிரியுங்கள்: புரதத்தின் 600-ஆவது இடத்தில் வாலைன் (வி) போய் குளுட்டாமிக் அமிலம் (இ) வந்து உட்கார்ந்தது. கோடான் ஜிடிஜி, ஜிஏஜி ஆனது. ஒரே ஓர் எழுத்து.

• இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கதிர் அரிவாள் இரத்தசோகையில் என்ன நடக்கிறது? பீட்டா குளோபின் சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலைன் வருகிறது. ஜிஏஜி, ஜிடிஜி ஆகிறது. பிராஃப் மாற்றம் அதற்கு நேர் தலைகீழ். கதிர் அரிவாளை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பதால், அவசரத்தில் இரண்டையும் மாற்றிக் குறித்துவிட வாய்ப்பு அதிகம். இன்னொரு வேறுபாடும் உண்டு: கதிர் அரிவாள் பெற்றோரிடமிருந்து வருவது, பிராஃப் வி600இ கட்டியின் செல்களில் மட்டும் பிறகு தோன்றுவது. பிள்ளைகளுக்குப் போகாது.

• விளைவு: மேலிருந்து ராஸ் கட்டளை கொடுக்காமலேயே பிராஃப் புரதம் ஓயாமல் வேலை செய்கிறது. அணைக்க முடியாத சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• வி600இ மாற்றம் தைமின் இருந்த இடத்தில் அடினைன் வருவது. அதாவது புற ஊதாக் கதிரின் வழக்கமான முத்திரை இதில் இல்லை. 'மெலனோமாவின் எல்லா முக்கிய மாற்றங்களும் சைட்டோசின்–தைமின் வகையே' என்ற கூற்று தவறு.

• சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே வி600இ இருக்கிறது. மச்சம் ஏன் புற்றாகவில்லை? பிராஃப் முடுக்கிவிட்ட செல் சிலகாலம் பெருகிவிட்டு, பி16 புரதம் உள்ளிட்ட தடைகளால் நின்றுவிடுகிறது. அந்தத் தடை உடைந்தால்தான் (சிடிகேஎன்2ஏ இழப்பு, டெர்ட் முன்னியக்கி மாற்றம் போன்றவை) மேற்கொண்டு போகும். ஒரு மாற்றம் மட்டும் புற்றுநோய் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

• சோதனை எப்படி? கட்டியின் துண்டு பாரஃபின் மெழுகுக் கட்டியில் இருக்கும். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆர் அல்லது புதிய தலைமுறை வரிசைப்படுத்தல். 'விஇ1' என்ற எதிர்ப்பொருளால் சாயமேற்றிப் பார்க்கும் முறையும் உண்டு. விரைவானது, ஆனால் வி600இ-ஐ மட்டுமே காட்டும், வி600கே தப்பிவிடும். மெலனோமாவுக்கே உரிய ஒரு தொல்லை: துண்டில் உள்ள கருநிறமியான மெலனினே பிசிஆர் வினையைத் தடுக்கும். ஆகவே 'இல்லை' என்று வந்த முடிவைச் சில சமயம் வேறு முறையில் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மருந்து வந்தபின்

• வெமுராஃபெனிப் (பிராஃப் தடுப்பி): 2011 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல். அதே நாளில் பிராஃப் கண்டறியும் சோதனைக்கும் ஒப்புதல் கிடைத்தது. மருந்தும் சோதனையும் இணைந்து வந்ததால் 'துணைச் சோதனை' என்ற தலைப்புக்கு இதை எடுத்துக்காட்டாக எழுதலாம்.

• பிரிம்-3 ஆய்வு, 675 நோயாளிகள். கட்டி சுருங்கியவர்கள்: டகார்பசினில் 5 சதவீதம், வெமுராஃபெனிபில் 48 சதவீதம். ஆறாவது மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள்: 64-க்கு எதிராக 84 சதவீதம்.

• சிக்கல்: சில மாதங்களிலேயே நோய் திரும்பியது. கட்டி வேறு வழி கண்டுபிடிக்கிறது. என்ராஸ் அல்லது மெக் ஜீனில் புதிய மாற்றம், பிராஃப் நகல்கள் பெருகுவது, பிராஃப் ஆர்என்ஏ வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுவது, பிடென் இழப்பு ஆகியவை அறியப்பட்ட வழிகள்.

• இன்னொரு விபரீதம்: பிராஃப் இயல்பாகவும் ராஸ் மாறியும் உள்ள செல்லில் இந்த மருந்து எர்க் பாதையை அடக்குவதற்குப் பதில் தூண்டிவிடும். மருந்து எடுத்தவர்களில் கணிசமானோருக்குத் தோலில் ஸ்குவாமஸ் செல் புற்று தோன்றியதற்குக் காரணம் இதுதான். பிராஃப் மாற்றம் இல்லாதவருக்கு இம்மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்பதன் அடிப்படையும் இதுவே.

• தீர்வு: பிராஃப் தடுப்பியோடு மெக் தடுப்பியையும் சேர்ப்பது. மூன்று ஜோடிகள்: டாப்ராஃபெனிப் + டிராமெடினிப் (2014), வெமுராஃபெனிப் + கோபிமெடினிப் (2015), என்கோராஃபெனிப் + பினிமெடினிப் (2018). பெயரின் வாலைக் கவனித்தால் போதும்: 'ராஃபெனிப்' என்று முடிந்தால் ராஃப் தடுப்பி, 'மெடினிப்' என்று முடிந்தால் மெக் தடுப்பி. ஜோடியாகக் கொடுத்தால் ஸ்குவாமஸ் புற்றும் குறைகிறது.

• முதல் ஜோடியின் ஐந்தாண்டுக் கணக்கு (இரு ஆய்வுகள் சேர்த்து 563 பேர்): 34 சதவீதத்தினர் உயிரோடு. லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் நொதி அளவு இயல்பாகவும், பரவிய உறுப்புகள் மூன்றுக்கும் குறைவாகவும் இருந்தவர்களில் 55 சதவீதம். ஆக, ஒரே ஜீன், ஒரே மருந்து. ஆனாலும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது முடிவைப் புரட்டிப்போடுகிறது.

• அறுவைக்குப் பின் நோய் திரும்பாமலிருக்க 3-ஆம் நிலையிலும் இதே ஜோடி தரப்படுகிறது (2018 ஒப்புதல்). கோம்பி-ஏடி ஆய்வில் மூன்றாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 58 சதவீதம். போலி மாத்திரை எடுத்தவர்களில் 39.

என்ராஸ், என்எஃப்1, கிட்

• என்ராஸ்: தோல் மெலனோமாவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 61-ஆவது இடத்து குளுட்டமின் மாறுவதே பெரும்பான்மை. மாறியபின் தன்னோடு ஒட்டிய ஜிடிபி (GTP) மூலக்கூறை அப்படியே வைத்துக்கொள்ளும். அதன் பாஸ்பேட்டை வெட்டிவிட்டு ஓய்வதில்லை. இதற்கு நேரடி மருந்து அங்கீகாரம் பெறவில்லை. பினிமெடினிபைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த நீமோ ஆய்வில் நோய் வளராமல் நின்ற காலம் 1.5 மாதத்திலிருந்து 2.8 மாதமானது, ஆயுள் கூடவில்லை. 4-ஆம் நிலையில் என்ராஸ் மாற்றம் ஆயுளைக் குறைக்கும் குறி என்று இம்யூனோதெரபிக்கு முந்தைய ஆய்வுகள் காட்டின.

• பிராஃப் வி600, என்ராஸ் இரண்டும் ஒரே கட்டியில் தொடக்கத்திலேயே சேர்ந்திருப்பது மிக அரிது. ஒரே பாதையில் இரண்டு இடங்களில் கெட வேண்டிய தேவை கட்டிக்கு இல்லை.

• என்எஃப்1: கட்டி ஒடுக்கும் ஜீன், 17-ஆவது குரோமோசோம். ராஸை அடக்குவது இதன் வேலை; இழந்தால் ராஸ் தலைதூக்கும். முதியவர்களிடம் கூடுதல், சடுதிமாற்றச் சுமையும் அதிகம். என்எஃப்1 மாற்றம் மிகுந்த டெஸ்மோபிளாஸ்டிக் என்ற தோல் மெலனோமா வகையில், பிடி-1 தடுப்பி (இம்யூனோதெரபி மருந்து) கொடுத்த 60 பேரில் 70 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது.

• கிட்: 4-ஆவது குரோமோசோம். அக்ரல், சளிச்சவ்வு வகைகளில் பார்க்க வேண்டியது. இரத்தப் புற்றுநோயில் புகழ்பெற்ற இமாடினிப் இங்கேயும் பயன்படுகிறது. மாற்றம் உள்ளவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கே கட்டி சுருங்குகிறது.

• 2015-இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 333 கட்டிகளை ஆராய்ந்து தோல் மெலனோமாவை நான்காகப் பிரித்தது: பிராஃப் (52 சதவீதம்), ராஸ் (28), என்எஃப்1 (14), மூன்றும் இல்லாதது. இந்தப் பகுப்பில் எந்தப் பிரிவுக்கு ஆயுள் கூடுதல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டிக்குள் நோயெதிர்ப்பு செல்கள் எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்பதே ஆயுளோடு ஒத்துப்போனது. ஜீன் பட்டியலை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதை எழுதுங்கள்.

கண் மெலனோமா: தனி உலகம்

• பிராஃப் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. ஜிஎன்ஏகியூ அல்லது ஜிஎன்ஏ11 மாற்றம்தான் பெரும்பான்மை. வெயிலின் முத்திரை பொதுவாக இல்லை. சடுதிமாற்றச் சுமை குறைவு. பரவினால் முதலில் போவது கல்லீரலுக்கு.

• ஆயுளைத் தீர்மானிப்பது அடுத்த மாற்றம்: பாப்1 இழப்பு என்றால் பரவும் ஆபத்து அதிகம் (3-ஆவது குரோமோசோமின் ஒரு நகல் காணாமல் போவதும் இதோடு சேர்ந்தது), எஸ்எஃப்3பி1 என்றால் நடுத்தரம், பல ஆண்டு கழித்தும் பரவலாம், இஐஎஃப்1ஏஎக்ஸ் என்றால் ஆபத்து குறைவு.

• டெபெண்டாஃபுஸ்ப் (2022 ஜனவரி ஒப்புதல்): பரவிய கண் மெலனோமாவில் ஆயுளைக் கூட்டிய மருந்து. ஓராண்டு உயிர்வாழ்வு 59-க்கு எதிராக 73 சதவீதம். ஆனால் எச்எல்ஏ-ஏ*02:01 என்ற திசுவகை உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும். இங்கே மருந்தைத் தீர்மானிப்பது கட்டியின் ஜீன் அல்ல, நோயாளியின் சொந்த ஜீன்.

பிறப்பிலேயே வருபவை

சிடிகேஎன்2ஏ (9-ஆவது குரோமோசோம், பி16 புரதம்) குடும்ப மெலனோமாவின் முதன்மைக் காரணி. சிடிகே4, பாப்1 ஆகியவை அடுத்து. எம்சி1ஆர் வேறுபாடு செம்மயிரும் வெளிர் தோலும் தந்து ஆபத்தைக் கூட்டும். சீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ளவர்களுக்கு டிஎன்ஏ பழுதுநீக்கம் குறைபட்டிருப்பதால் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய்கள் வரும். டெர்ட் முன்னியக்கி மாற்றம் (2013-இல் சயன்ஸ் இதழில் வெளியானது) பெரும்பாலும் கட்டியில் தோன்றுவது. புரதத்துக்குக் குறியீடு தராத பகுதியில் இருந்துகொண்டே புற்றைத் தூண்டுவது இதன் சிறப்பு.

இம்யூனோதெரபியும் ஜீன்களும்

• நோபல் 2018: ஜேம்ஸ் ஆலிசன் (சிடிஎல்ஏ-4), தசுகு ஹோன்ஜோ (பிடி-1). முறையே அமெரிக்கா, ஜப்பான். சிடிஎல்ஏ-4 தடுப்பி: இபிலிமுமாப் (2011 மார்ச்). பிடி-1 தடுப்பிகள்: பெம்ப்ரோலிசுமாப் (2014 செப்டம்பர்), நிவோலுமாப் (2014 டிசம்பர்). லாக்-3 தடுப்பி ரெலட்லிமாப், நிவோலுமாபோடு சேர்த்து 2022 மார்ச்சில்.

• சடுதிமாற்றம் அதிகமானால் அந்நியப் புரதத் துண்டுகளும் அதிகம். டி செல்கள் அடையாளம் காண்பது எளிது. வெயிலால் வந்த மெலனோமா இம்மருந்துகளுக்கு நன்றாக அடங்குவதும், அக்ரல், கண் வகைகள் அவ்வளவு அடங்காததும் இதனால்தான்.

• செக்மேட் 067, 945 நோயாளிகள். பத்தாண்டு உயிர்வாழ்வு: இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்து 43 சதவீதம், நிவோலுமாப் மட்டும் 37, இபிலிமுமாப் மட்டும் 19. ஓராண்டைத் தாண்டாத நோயில் பத்தாண்டுக் கணக்கு எழுதும் நிலை வந்திருக்கிறது.

• அதே ஆய்வின் ஐந்தாண்டுக் கணக்கில், இரு மருந்தும் பெற்றவர்களில் பிராஃப் மாற்றம் உள்ளோர் 60 சதவீதமும் இல்லாதோர் 48 சதவீதமும் உயிரோடிருந்தனர். ஒருகாலத்தில் கெட்ட செய்தியாக இருந்த பிராஃப் மாற்றம், இப்போது இரண்டு வகைச் சிகிச்சைக்கும் கதவு திறந்திருக்கும் நிலை.

• அப்படியானால் பிராஃப் மாற்றம் உள்ளவருக்கு எதை முதலில் கொடுப்பது? ட்ரீம்செக் ஆய்வு (265 பேர்) பதில் சொன்னது: இம்யூனோதெரபி முதலில் எனில் ஈராண்டில் 71.8 சதவீதம் உயிரோடு. பிராஃப்–மெக் தடுப்பி மாத்திரை ஜோடி முதலில் எனில் 51.5. முதல் சில மாதங்களில் மாத்திரைக்காரர்கள்தான் முன்னிலை. பிறகு கோடுகள் வெட்டிக்கொண்டன. ஆகவே நோய் வேகமாக உயிரை மிரட்டும்போது மாத்திரையை முதலில் எடுப்பதற்கும் இடம் இருக்கிறது. 'குறிப்பிட்ட ஜீனுக்குக் குறிப்பிட்ட மருந்து இருந்தால் அதையே முதலில் கொடுக்க வேண்டும்' என்று எழுதினால் தவறு. என் கணிப்பில், இந்தப் பாடத்திலேயே தேர்வர்கள் மிக எளிதாகச் சறுக்கும் இடம் இது.

• இம்யூனோதெரபிக்கும் எதிர்ப்பு வரும்: ஜாக்1, ஜாக்2, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் ஜீன்கள் இழக்கப்படுவது 2016-இல் காட்டப்பட்டது. கட்டி தன்னை டி செல்லுக்குக் காட்டாமல் மறைத்துக்கொள்கிறது, அல்லது டி செல்லின் இன்டர்ஃபெரான் செய்தியைக் கேட்காமல் விடுகிறது.

• லிஃபிலூசெல் (2024 பிப்ரவரி): நோயாளியின் கட்டிக்குள் இருந்த டி செல்களையே எடுத்துப் பெருக்கித் திருப்பிச் செலுத்துவது. திடக் கட்டிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் டி செல் சிகிச்சை.

• தனிநபர் எம்ஆர்என்ஏ தடுப்பூசி: ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலுள்ள மாற்றங்களைப் படித்து 34 வரையான இலக்குகளை வைத்துத் தயாரிப்பது. 157 பேரிடம் நடந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் திரும்புவதோ இறப்பதோ 44 சதவீதம் குறைந்தது. இது அறுவை முடிந்தவர்களுக்கானது.

• இரு பெயர்கள்: அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல், 90 வயதில், கல்லீரலிலும் மூளையிலும் மெலனோமா. பெம்ப்ரோலிசுமாப் எடுத்தார், 2024 டிசம்பரில் 100 வயதில் காலமானார். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் அக்ரல் மெலனோமா. 1981-இல் 36 வயதில் இறந்தார்.

இந்தியாவுக்குப் பொருந்துவது

இந்தியர்களுக்கு மெலனோமா அரிது. மெலனின் செறிந்த தோல் வெயிலால் வரும் வகையிலிருந்து நம்மைக் காக்கிறது. ஆனால் அக்ரல் வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. கருந்தோல் மக்களுக்கு வரும் மெலனோமாவில் அதன் பங்கு கூடுதல். அக்ரலில் பிராஃப் மாற்றம் குறைவு, சடுதிமாற்றச் சுமையும் குறைவு. வெள்ளையர்களிடம் நடந்த ஆய்வுகளின் சதவீதங்களை இந்திய நோயாளிக்கு அப்படியே பொருத்தி விடை எழுதாதீர்கள். உள்ளங்காலில் வருவதால் ஆணியென்றும் ஆறாத புண்ணென்றும் விட்டுவிட்டு, முற்றியபின் வருபவர்கள் அதிகம். படிப்பது தேர்வுக்காக இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது உள்ளங்காலில் பெருகிக்கொண்டே போகும் கரும்புள்ளியோ, நகத்தில் அகன்றுகொண்டே வந்து நகத்தோலுக்கும் பரவும் கருங்கோடோ இருந்தால், அடுத்த வாரம் என்று தள்ளாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.